அப்பாவின் நல்ல மாதங்கள்

எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில். காவிரிக்கும் எங்களுக்கும் இடையே இரண்டு நாள் மாட்டுவண்டித் தூரம். கேழ்வரகும் கடலையும் கொள்ளும் விளைகிற மேட்டு நிலம். அந்த ஊருக்கு ஒரு புரட்டாசி மாதம் என் அப்பா வண்டியில் ஒரு பரிசலை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூங்கிலைப் பின்னி, மாட்டுத்தோல் போர்த்திய வட்டப் பரிசல். வண்டிக்கு இரண்டு பக்கமும் அது பிதுங்கிக்கொண்டிருந்ததால் நாங்கள் உள்ளே உட்கார முடியாமல் பின்னாலேயே நடந்து வந்தோம்.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பயணம் தொடங்கியதே திடீரென்றுதான். ஒரு காலையில் கூழ் குடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "கெளம்புங்க எல்லாரும், ஒகேனக்கல் போறோம்" என்றார்.

"கடலக்காட்டுல களை மண்டிக் கெடக்குதுங்க" என்றாள் அம்மா.

"களை எங்க ஓடிறப் போவுது? வந்து பாத்துக்கலாம்."

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நடந்து போகிறவர்களை நிறுத்தி வண்டியில் ஏற்றினார். தெரியாதவர்களிடம் மகன் பேர், மகள் பேர் கேட்டார். பென்னாகரத்தில் அவருடைய அக்கா வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டோம். அங்கிருந்து காட்டுப் பாதையில் இறங்கும்போது பாட ஆரம்பித்தவர், அருவியின் இரைச்சல் கேட்ட பிறகும் நிறுத்தவில்லை. பரிசல்காரரிடம் கன்னடத்தில் வேடிக்கை பேசினார். துடுப்பைக் கேட்டு வாங்கிப் பாறைகளுக்கு நடுவே எங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். நான் அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பயத்தில்தான் கத்தினேன், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. கரையேறி, வறுத்த மீனை இலையில் வைத்து முள் எடுத்து எனக்கு ஊட்டினார். அவருடைய விரல்களில் மிளகாயும் ஆற்று வாசனையும் கலந்திருந்தன.

பரிசலை என்ன கொடுத்து வாங்கினார் என்று அவர் சொல்லவே இல்லை. அவர் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணைக் காணோம் என்பதை வீட்டுக்கு வந்த பிறகு அம்மா கவனித்தாள்.

ஊரே கூடிச் சிரித்தது. "இன்னாங்க இது, கம்பு காயப்போடவா?" என்று கேட்டார்கள். அப்பா கோபப்படவில்லை. "மழ வரும், பாருங்க" என்றார். அந்த ஐப்பசியில் நிஜமாகவே மழை கொட்டியது. ஏரி நிரம்பி மறுகால் போனது. அப்பா பரிசலை ஏரியில் இறக்கினார். ஊரில் இருந்த பிள்ளைகள் ஒருவர் விடாமல் ஏறினோம். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று அவர் பார்க்கவில்லை. அதற்காக நான்கு பெரிய மனிதர்கள் வந்து சத்தம் போட்டபோது அவர்களையும் ஏறச் சொன்னார். ஒருவர் ஏறவும் செய்தார்.

அதே வாரங்களில்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பெண்பிள்ளைக்கு எதற்கு என்று வாத்தியார் தயங்கினார். அப்பா அவர் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து உச்சிவேளைவரை பேசினார். களைத்துப்போன வாத்தியார் என் பெயரை எழுதிக்கொண்டார். நான் இன்று இதை எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் அந்த ஒரு நாள் பேச்சுதான்.

கார்த்திகை பிறந்ததும் அப்பா குறைய ஆரம்பித்தார். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. முதலில் பாட்டு நின்றது. பிறகு பேச்சு. பிறகு ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. மாட்டுக்கொட்டகையை ஒட்டி, கடலை மூட்டை அடுக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. அதற்குள் போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாசிவரை அதுதான் அவர் இடம்.

காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அம்மா களி உருண்டையைக் குழம்பில் தோய்த்து வாயருகே கொண்டுபோனால் இரண்டு வாய் வாங்குவார். கிணற்றில் கவலை ஏற்றம் இறைக்கிற வேலையை அம்மாவே செய்தாள். மாட்டை முன்னும் பின்னும் நடத்தி, தோல்பையில் தண்ணீர் மேலே வரும்போது அவள் கயிற்றின்மேல் உட்கார்ந்து இறங்குவதைப் பார்த்து ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அப்பாவின் அறைக்குப் போவேன். அன்று படித்த பாடத்தை அவர் முதுகைப் பார்த்து உரக்கப் படிப்பேன். சில நாள் அவர் கையைப் பின்னால் நீட்டி என் காலைத் தொடுவார். ஒருமுறை மட்டும் பேசினார்.

"எல்லாரையும் கெடுத்துட்டேன் கண்ணு."

"என்னாப்பா கெடுத்தீங்க?"

அவர் தோள்கள் குலுங்கின.

மாசியில் ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கிணற்றடியில் உட்கார்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சீயக்காய் எடுத்தா கண்ணு" என்றார். அவ்வளவுதான். அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் இப்படியே போயின. எல்லா வருஷமும் வராது. இரண்டு வருஷம் சும்மா இருக்கும். அப்போது அப்பா மற்ற அப்பாக்களைப் போல உழுதுகொண்டு, சந்தைக்குப் போய்க்கொண்டு இருப்பார். பிறகு ஒரு பருவத்தில் கண்ணில் ஒரு பளபளப்பு ஏறும். ஊர்ப் பொட்டலில் ஆள் வைக்காமல் தானே குழி வெட்டிப் புளியங்கன்று நடுவார். தெருக்கூத்துக்காரர்களை ஒரு வாரம் வீட்டில் வைத்துச் சோறு போடுவார். எங்களுக்கு அந்த நாட்கள் எல்லாம் திருவிழா. அம்மா மட்டும் அதில் சேரமாட்டாள். உயரம் எவ்வளவோ அவ்வளவு பள்ளம் பின்னால் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஏரியில் பரிசல் விட்டதால் நீரில் இருந்த ஏதோ பிடித்துக்கொண்டது என்றார்கள். பங்காளி வைத்த சூனியம் என்றார்கள். அம்மா இரண்டு முறை பூசாரியை அழைத்து வேப்பிலை அடிக்கச் செய்தாள். மூன்றாவது முறை பூசாரி, சங்கிலி போட்டுக் கோயில் மண்டபத்தில் ஒரு மண்டலம் விட்டுவிட வேண்டும் என்றார். அம்மா தட்டில் வைத்திருந்த வெற்றிலை பாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"மாட்டுக்கே நாங்க கவுறுதாங்க போடுவோம். எங்கூட்டு ஆளுக்குச் சங்கிலி வேணாம்."

சங்கிலி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். பென்னாகரத்து அத்தைக்கும் இதே போல வந்துகொண்டிருந்தது. அத்தை படுத்துக்கொள்கிற மாதங்களில் யாரும் கவலைப்படவில்லை. எழுந்து சந்தைக்கு ஓடிப் பாட்டுப் பாடி, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் வீட்டுத் தானியத்தை அள்ளிக் கொடுக்கிற மாதங்களில் அவள் கொழுந்தனார் அவளைத் தூணில் கட்டினார். அதற்கென்றே தூணில் ஓர் இரும்பு வளையம் அடித்திருந்தார்கள்.

எனக்குப் பதினாறு வயதானபோது பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்து, நாள் குறிக்கிறவரை போய் நின்றது. யாரோ போய் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து வாசலில் நின்றபடியே, "பித்து ஓடுற ரத்தமுங்க. எங்க வம்சத்துக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். அன்றிலிருந்து அவர் அந்த இரண்டு வாய்க் களியையும் நிறுத்திவிட்டார்.

நான்காம் நாள் அம்மா அவரைத் தூக்கி உட்கார வைத்தாள். நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சாலைக்கு நடத்திப்போனோம். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு பஸ்கள் ஓடிய நாட்கள். மேட்டில் பஸ் ஏறாமல் நின்றபோது எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அப்பா மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் முணுமுணுத்தார். அம்மா அப்பாவின் பங்குக்கும் சேர்த்துத் தள்ளினாள்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த டாக்டர் நாற்பது வயதுக்காரர். மெட்ராஸில் மனநோய் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்தவர் என்று கம்பவுண்டர் சொன்னார். டாக்டர் அப்பாவின் நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் அருகில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்படி யாரும் அப்பாவுடன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிறகு அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார். எத்தனை நாளாக? இதற்கு முன்னால் எப்போது? இவருடைய அப்பா எப்படி? கூடப் பிறந்தவர்கள்?

அம்மா அத்தையைப் பற்றிச் சொன்னாள். தாத்தாவைப் பற்றி அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. "நான் வாக்கப்பட்டு வர்றப்பவே அவரு இல்லீங்க. எங்கயோ பரதேசம் போயிட்டாருன்னாங்க."

டாக்டர் மேசையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று பென்சிலால் வரைந்தார். புருஷன் பெண்டாட்டியைக் கோடு போட்டுச் சேர்த்தார். பிள்ளைகளைக் கீழே தொங்கவிட்டார். அப்பாவின் சதுரத்தையும் அத்தையின் வட்டத்தையும் கருப்பாக நிரப்பினார். தாத்தாவின் சதுரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அப்பாவுக்குக் கீழே ஒரு வெறும் வட்டம் இருந்தது. அது நான் என்று அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

"இது பேயும் இல்லம்மா, சூனியமும் இல்ல. வியாதி. சில குடும்பத்துல இப்படி வழிவழியா வருது. ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது" என்றார். பிறகு, "படுத்துக்கறதுக்கு முன்னாடி எப்படி இருப்பார்? ரொம்ப சந்தோஷமா, தூக்கமே இல்லாம?" என்று கேட்டார்.

அம்மா பரிசல் கதையைச் சொன்னாள். புளியங்கன்றுகளைச் சொன்னாள். கூத்துக்காரர்களைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஒவ்வொன்றையும் எழுதினார். அவர் எழுதுவதை நான் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் படுக்கையைப் பற்றி எழுதிய அதே பத்தியில், அதே கையால், அந்த ஐப்பசி மாத ஏரியையும் எழுதுகிறார் என்பது தெரிந்தது. எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ!

"அது வியாதி இல்லீங்க" என்றேன். "படுத்துக்கறதுதான் வியாதி. பரிசல் ஓட்டுனது எங்கப்பா."

அம்மா என் கையைக் கிள்ளினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ படிச்சிருக்கியாம்மா?"

"அஞ்சாவது வரைக்கும்ங்க."

"உங்கப்பாவைப் பத்தி நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ரெண்டும் ஒரே மனுஷன்கிட்ட இருந்துதானே வருது? நான் ரெண்டையும் எழுதியாகணும்." கட்டம் போட்ட தாளை என் பக்கம் தள்ளி, "நீ ஒரு காரியம் செய். உங்க குடும்பத்துல இன்னும் யார் யாருக்கு இருந்துதுன்னு விசாரிச்சு எழுதிக் கொண்டுவா. உங்கம்மா சொல்றதவிட உங்க அத்தைக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

அப்பாவை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். குழாய் வழியாகப் பாலும் கஞ்சியும் போயின. அம்மா அவருடன் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நான் பென்னாகரம் போனேன். டாக்டரின் தாளைச் சுருட்டி மடியில் செருகியிருந்தேன்.

அத்தை அப்போது நன்றாக இருந்தாள். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் தம்பிக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டாள். உயிருடன் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு முறத்தைத் தள்ளி வைத்தாள். நான் தாளை விரித்து, வந்த காரணத்தைச் சொன்னேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல நானு எங்க?"

வட்டத்தைக் காட்டினேன்.

"கருப்பா அடிச்சிருக்கான். பக்கத்துல?"

"எங்கப்பாங்க அத்த."

"அவனும் கருப்பா?" அத்தை விரலால் ஒரு வட்டத்திலிருந்து சதுரத்துக்குக் கோடு வழியே போனாள். பிறகு சிரித்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஏ புள்ள, நானு என்னமோ நான் செஞ்ச பாவம்னு இத்தினி வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன். புருசன் செத்ததும் எம் பாவம், எனக்குப் புத்தி கெட்டுப்போறதும் எம் பாவம்னு. இதுல பாத்தா வரிசையா இல்ல நிக்கறோம்!"

பிறகு அவள் பேசிக்கொண்டே போனாள், நான் எழுதிக்கொண்டே போனேன். தாத்தா பரதேசம் போகவில்லை. நான்கு மாதம் ஒற்றை ஆளாக, எங்கள் நிலத்துக்கு மேலே இருக்கும் கரட்டுக் குன்றின் உச்சிவரை படி வெட்டினாராம். ஏன் என்று கேட்டால், மேலே போனால் ஆறு தெரியும் என்றாராம். அடுத்த வருஷம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்து, ஒரு நாள் ஆற்றைப் பார்க்க நடந்தே போனார். துண்டும் செருப்பும் பாறைமேல் கிடைத்தன. குடும்பத்துக்கு அவமானம் என்று பரதேசம் போன கதையைக் கட்டினார்கள். அந்தப் படிகளில் நான் எத்தனையோ முறை ஆடு ஓட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன். யார் வெட்டியது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தாத்தாவின் தம்பி ஒருவர், அவர் மகள் ஒருத்தி, இன்னும் இரண்டு பேர். நான் பென்சிலை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக நிரப்பினேன்.

கிளம்பும்போது அத்தை, "இந்தத் தாள எங்க கொழுந்தனாருக்குப் படிச்சிக் காட்டு" என்றாள். அவர் வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மீசை வைத்த பெரிய மனிதர். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பேய் இல்லை, வியாதி என்றேன். அவர் தாளைக் கையில் வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வியாதின்னா? எந்திரிச்சி ஓடறப்ப யாரு புடிக்கறது? கெணத்துல கிணத்துல உழுந்தா? நாங்க என்னா ஆசைப்பட்டா கட்டறோம்?"

அவர் கொடுமைக்காரர் அல்ல, பயந்தவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அத்தையின் பெரிய மகன் எழுந்து உள்ளே போனான். சுத்தியலால் அடிக்கிற சத்தம் கேட்டது. தூணிலிருந்த இரும்பு வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டான். "எங்காத்தாவுக்கு வந்தா நான் கூட இருந்து பாத்துக்கறேன்" என்றான். அப்படியே பார்த்துக்கொண்டான். அத்தை எழுந்து ஓடிய மாதங்களில் அவனும் அவள் பின்னாலேயே ஓடியதைப் பென்னாகரம் சந்தையே பார்த்திருக்கிறது.

தாளை டாக்டரிடம் கொடுத்தபோது அவர் அதை மேசையில் விரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்லா எழுதியிருக்கே" என்றார். நான் மூன்று வாரமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"எனக்கும் வருமாங்க?"

அவர் மழுப்பவில்லை. "வரலாம். வராமலும் போகலாம். வராதவங்கதான் இதுல அதிகம், எண்ணிப் பாரு."

"ரத்தத்த எடுத்துப் பாத்துச் சொல்ல முடியாதுங்களா? அவங்க ரத்தம்னுதானே சொல்றாங்க."

"இன்னைக்கு முடியாதும்மா. ரத்தத்துல எது இதைக் கொண்டுவருதுன்னு யாருக்கும் தெரியாது. என்னைக்காவது தெரியலாம். அதுக்குத்தான் இப்படிக் கட்டம் போட்டு வெச்சிட்டுப் போறோம்."

அந்தப் பங்குனியில் அப்பா தேறினார். பளபளப்பு ஏறாமல், சும்மா தேறினார். மறு வருஷம் டாக்டருக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு மதியம் எங்கள் ஊருக்கு வந்தார். அம்மா களியும் கீரைக் கடைசலும் போட்டாள். சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அப்பா அவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. எங்கூட்டுக் கத மொத்தமும் எழுதிக்கிட்டீங்க. உங்கூட்ல யாருக்குங்க?"

அம்மா பதறிப்போனாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். தண்ணீர் தீர்ந்த பிறகும் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பிக்கு" என்றார். "உங்களுக்கு வர்ற மாதிரி இல்ல. அவனுக்கு யாரோ காதுல பேசிட்டே இருக்காங்க. பதினெட்டு வயசுல ஆரம்பிச்சுது. எங்கம்மாவோட அண்ணனுக்கும் அப்படித்தான்."

"இப்ப எங்கங்க இருக்காரு?"

"என்கூடத்தான். குவார்ட்டர்ஸ்ல."

"அப்பறம் என்னாத்துக்கு அவர அங்கயே உட்டுட்டு வந்தீங்க? கூட்டியாந்திருக்கலாம் இல்ல" என்றார் அப்பா. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா ஒரு கோணிப்பை நிறையப் பச்சைக் கடலை பிடுங்கிக் கட்டி, "தம்பிக்கு வேவிச்சிக் குடுங்க" என்று கொடுத்தனுப்பினார்.

என் கல்யாணம் அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்தது. ஒகேனக்கல் சாலையில் ஒரு ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எதையும் சொல்ல வேண்டாம், கல்யாணம் முடியட்டும் என்று அம்மா அப்பாவிடம் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சரி என்று தலையாட்டியிருந்தார். வெற்றிலைத் தட்டு கை மாறுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு விசயம். எனக்குச் சில வருசம் நாலு மாசம் படுக்கைங்க. புத்தி மங்கிடும். எங்கக்காவுக்கும் அப்படி, எங்கப்பனுக்கும் அப்படி. இந்தப் புள்ளைக்கு இதுவரைக்கும் இல்ல. நாளைக்கு வருமா வராதான்னு டாக்டருக்கே தெரியாது. தெரிஞ்சிக்கிட்டு முடிவு பண்ணுங்க."

அம்மா கதவில் சாய்ந்துவிட்டாள். உள்ளே நின்ற எனக்கு எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. முடிந்தாலும் சரி என்றும் தோன்றியது. மாப்பிள்ளையின் அம்மா, சிவந்த கண்டாங்கி கட்டிய ஒல்லியான மனுஷி, அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"படுத்திருக்கறப்ப சோறு திம்பீங்களா?"

"ஊட்டுனா ரெண்டு வாய் திம்பேனுங்க."

"எங்க பெரியப்பன் அதுகூடத் திங்காது" என்றாள் அவள். "எங்கூட்லயும் இருக்குதுங்க. நாங்க சொல்லாம மறைக்கலாம்னுதான் வந்தோம். நீங்க சொல்லிட்டீங்க." பக்கத்தில் இருந்த மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, சரி என்பதுபோல் தலையசைத்தார். நாற்பத்தொரு வருஷம் அவருடன் வாழ்ந்தேன். அந்தத் தலையசைப்பைப் போலவே எல்லாவற்றுக்கும் சத்தமில்லாத மனிதர்.

எனக்கு வரவில்லை. ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும், காரணமில்லாமல் சந்தோஷமாக விழித்த ஒவ்வொரு காலையிலும், வந்துவிட்டதோ என்று என்னை நானே உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சந்தோஷத்தைக் கண்டு பயப்படுவது ஒரு தனி வருத்தம். அது வேறு யாருக்கும் சொன்னால் புரியாது. என் இரண்டாவது மகனுக்கு இருபத்து மூன்றாம் வயதில் வந்தது. அதற்குள் காலம் மாறியிருந்தது. உப்பு வகையில் ஒரு மாத்திரை இருந்தது. தினமும் விழுங்கி, மாதா மாதம் ரத்தம் பரிசோதித்து, அவன் வேலைக்குப் போனான், கல்யாணம் செய்தான், இரண்டு பெண்களை வளர்த்தான்.

எனக்கு எழுபது தாண்டிய பிறகு, அவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா எங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். மரபணு என்ற சொல்லை அப்போதுதான் பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எந்த ஒன்று இதைக் கொண்டுவருகிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்களா என்றேன். ஒன்று இல்லை பாட்டி, பலது சேர்ந்து, ஒவ்வொன்றும் துளித்துளியாக என்றாள். கொஞ்சம் கொஞ்சம் எல்லோரிடமும் இருக்குமாம். சில வீட்டில் கூடிவிடுகிறதாம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கல்யாணமான முதல் வருஷங்களில் அப்பா என்னைப் பார்க்க பஸ்ஸில் வருவார். சாலையிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கடலைக்காட்டுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. அவர் அதில் காலை வைத்ததுமே எந்த மாதம் நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். பாதையை விட்டு விலகி வயலில் வேலை செய்கிறவர்களிடம் பேசிக்கொண்டு வந்தால் ஒன்று. மண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தால் ஒன்று. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பேன்.

கடைசியாக அவர் வந்தது சுதந்திரம் வந்து இரண்டாவது வருஷம், ஒரு ஆவணி மாதம். வேகமாகவும் வரவில்லை, மெதுவாகவும் வரவில்லை. வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, குடை இல்லாத எந்த மனிதரும் நடப்பதுபோல நடந்து வந்தார். கொள்ளு ரசம் வைக்கச் சொன்னார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். என் மூத்த பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மதியம் தூங்கினார். எழுந்து முகம் கழுவிவிட்டு, மாடு கன்று போட்டதைப் பற்றியும், வெல்லம் விலை ஏறியதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். சாயங்கால பஸ்ஸுக்குப் போனார். அந்த மார்கழியில் விஷக்காய்ச்சலில் நான்கே நாளில் இறந்துவிட்டார்.

நான் அழுதபோதெல்லாம் எனக்கு நினைவு வந்தது அந்த ஆவணி மதியம்தான். அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். குழந்தை அவர் மார்பில் எச்சில் வழியவிட்டுத் தூங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.